இருபது வளைவு, இருபது சொல்

“இங்கிலீஷ்தான் சரளமாப் பேசுறியே, அப்புறம் சொல்லிக் குடுக்கிறதுக்கு என்ன கேடு?” வெளிநாட்டுக்கு ஆங்கில ஆசிரியராகக் கிளம்பும் சேலத்துப் பிள்ளைகளிடம் வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. சொல்பவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. கிளம்புகிற பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் இதன் மறுபக்கம்தான்: “நம்ம உச்சரிப்பை அங்க ஒத்துக்குவாங்களாக்கா?” இரண்டு பேரும் ஆசிரியரின் வாயையே பார்க்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நம்மில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்தை ஐந்து, ஆறு வயதில் தொட்டவர்கள். எப்படிக் கற்றோம் என்பதே இன்று நினைவில் இல்லை. ஒரு சொல் காதில் விழுந்து, பொருள் புரியாமல் நின்று, புரிந்து, மறந்து, மறுபடி வந்து ஒட்டிக்கொண்ட அந்தப் பாடு முழுக்க அழிந்துபோய்விட்டது. அந்தப் பாடு தெரியாமல் வகுப்பில் நிற்பவர், பத்து நிமிடத்தில் பதினைந்து சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்பார். எல்லாத் தலையும் ஆடும். ஒரு தலைக்குள்ளும் எதுவும் போயிருக்காது. உச்சரிப்பைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். முதலில் வேண்டியது, ஒன்றும் தெரியாதவராக உட்கார்ந்து கற்பது எப்படி இருக்கும் என்பதை உடம்பால் அறிவது. அதற்குச் சேலத்துக்காரர்களிடம் ஒரு நல்ல பயிற்சிக் கூடம் இருக்கிறது. சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக்கு ஏறும் சாலை, அதன் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு போதும்.

அடிவாரத்துக்கு முன்னால்

பயிற்சி எளிது. வளைவுக்கு ஒரு சொல். போகப்போகும் நாட்டு மொழியில் 20 சொற்களை மலை ஏறும்போது கற்க வேண்டும். இறங்கும்போது வளைவு எண்ணைப் பார்த்து அந்தந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் கேட்கும் இடங்களில் தாய்லாந்தும் ஒன்று என்பதால் அந்த மொழியையே எடுத்துக்கொள்கிறேன். வியட்நாமுக்கோ மாலத்தீவுக்கோ போகிறவர்கள் சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

சொற்களைத் தேர்வதில் ஆசை கூடாது. முதல் வளைவுக்கு வணக்கம் சொல்லும் ‘ஸவாதீ’. இது ‘ஸ்வஸ்தி’யிலிருந்து வந்த சொல். நம் கோயில் கல்வெட்டுகளின் தலையில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று பார்த்தவர்களுக்கு இது ஒருபோதும் மறக்காது. முதல் சொல் அப்படிக் கைகொடுக்க வேண்டும். அடுத்து 10 எண்கள்: நுங், ஸோங், ஸாம், ஸீ, ஹா, ஹோக், ஜெட், பேட், காவ், ஸிப். பிறகு ‘எவ்வளவு’ என்பதற்குத் தாவ்ராய், ‘இது’வுக்கு நீ, ‘எங்கே இருக்கிறது’ என்பதற்கு யூ தீ நை, இடப்பக்கம் ஸாய், வலப்பக்கம் க்வா, கழிவறைக்கு ஹோங் நாம், ‘காரம் வேண்டாம்’ என்பதற்கு மை பெட், சைவ உணவுக்கு ஜே, நன்றிக்குக் கோப் குன். எண்ணிப் பார்த்தால் சரியாக 20 வரும். நன்றிக்கும் வணக்கத்துக்கும் பின்னால் ஆண்கள் ‘க்ராப்’ என்றும் பெண்கள் ‘கா’ என்றும் சேர்ப்பார்கள். அது மரியாதை ஒட்டு, நம் ‘ங்க’ மாதிரி. கொங்குப் பேச்சில் வளர்ந்தவர்களுக்கு அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலைத் தமிழில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் பயிற்சி அங்கேயே கெட்டது. மேலே நான் எழுதியிருப்பது வாசிப்பவருக்காக மட்டும். அந்த மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. ‘காவ்’ என்று நாம் ஒரே மாதிரி எழுதுவதற்குள் 9, சோறு, வெள்ளை, செய்தி என நான்கு சொற்கள் ஒளிந்திருக்கின்றன. சோறும் வெள்ளையும் செய்தியும் குரல் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் வேறுபடும். 9-க்கு முதல் ககரம் மூச்சில்லாமல் வரும். மற்ற மூன்றுக்கும் மூச்சோடு வரும். நம் எழுத்து இதில் எதையும் காட்டாது. ஆகவே ஒலி மட்டும்தான் வேண்டும். அந்த மொழி பேசுபவர் சொன்ன ஒலிப்பதிவுகளை வளைவு வரிசையில் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சில திருப்பங்களில் சிக்னல் இருக்காது. திரையைப் பார்க்கவும் கூடாது. வளைவுகளில் கண்ணைக் கீழே தாழ்த்திப் படிப்பவருக்குக் குமட்டல் நிச்சயம். காது மட்டும் வேலை செய்யட்டும், கண் சாலையில் இருக்கட்டும். முடிந்தால் முன்பக்க இருக்கை, வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம்.

இருவராகப் போவது நல்லது. ஒருவர் ஆசிரியர், ஒருவர் மாணவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போகும்வரை தமிழ் பேசலாம். முதல் வளைவுப் பலகை தெரிந்ததும் இருவருக்குள்ளும் தமிழ் நின்றுவிட வேண்டும். கண்டக்டரிடம் தமிழில் பேசலாம், அவரைப் படுத்தக் கூடாது. காலை 6.30 மணிக்குக் கிளம்பினால் கூட்டத்துக்கு முன் மேலே போய்விடலாம். நமக்கு 6.30 என்றால் தாய்லாந்தில் மணி 8. அங்கே தினமும் அந்த நேரத்தில்தான் நாட்டுப்பண் ஒலிக்கும். பள்ளி நாட்களில் கொடியேற்றமும் அப்போதுதான். நாளை அந்த வரிசையில் நிற்கப்போகிறவர் அந்த நேரத்துக்கு இப்போதே பழகட்டும்.

பன்னிரண்டாவது வளைவு

முதல் நாலைந்து வளைவுகளில் யாருக்கும் சிரமமில்லை. மாணவராக இருப்பவர் தெம்பாகவே இருப்பார். ‘நுங்’கில் வரும் உயிரொலி நம்முடையதுதான். ‘காசு’, ‘பட்டு’ என்னும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கிறதே குற்றியலுகரம், அதை எடுத்து நடுவில் வைத்தால் அந்த ‘நுங்’ வந்துவிடும். ஆங்கிலேயர் திணறும் இடத்தில் தமிழர் வழுக்கிக்கொண்டு போகும் இடம் இது. அந்த மகிழ்ச்சியை மாணவருக்கு விட்டுக்கொடுங்கள். புதிய மொழியில் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு வெற்றி கிடைக்காதவர் ஆறாவது நிமிடத்தில் காதை மூடிக்கொள்வார்.

வளைவுகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. சில அடுத்தடுத்து வரும், சிலவற்றுக்கு நடுவே சாலை நீளும். இதுதான் இந்தச் சாலையின் பெரிய உதவி. இடைவெளி நீளும்போது பழைய சொற்களை ஒரு சுற்று சொல்லிப் பார்க்கலாம். நெருங்கி வரும்போது பழையதைத் திருப்ப நேரம் இராது, புதியது வந்து தலையில் உட்காரும். ஏழு, எட்டு, ஒன்பது வளைவுகளில் ஹோக்கும் ஜெட்டும் பேட்டும் அப்படி வந்து விழும்போது தடுமாற்றம் தொடங்கும். பத்தில் காவ், பதினொன்றில் ஸிப். பன்னிரண்டாவது வளைவில் ‘தாவ்ராய்’ காதில் விழுந்ததும் ஒன்று நடக்கும். புதுச் சொல் உள்ளே வந்திருக்கும், ஆறு என்பதற்கான சொல் காணாமல் போயிருக்கும். ஒன்றிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால் கிடைக்கும். நேராகக் கேட்டால் கிடைக்காது. அதாவது மாணவருக்கு எண்கள் தெரியவில்லை. ஒரு பாட்டு மட்டும் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஆசிரியராக இருப்பவர் செய்வதைக் கவனியுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்வார். சொல்லைத் தானே சொல்லிவிடுவார். அல்லது அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொல்லுவார், செவிட்டுக் காதுக்குச் சொல்வதுபோல. அல்லது “இப்பத்தானே சொன்னேன்” என்பதை முகத்தில் காட்டுவார். மாணவராக இருப்பவரின் நிலையோ வேறு. தொண்டை வறண்டிருக்கும், அடிவயிற்றில் ஒரு வெட்கம். படித்துப் பட்டம் வாங்கிய ஆளுக்கு ஆறு என்று சொல்ல வரவில்லை. வாயைத் திறக்காமல் சிரித்துச் சமாளிக்கத் தோன்றும். தலையை ஆட்டிவைத்தால் போதும், அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள் என்று தோன்றும். தாய்லாந்திலோ வியட்நாமிலோ நாற்பது பேர் உள்ள வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு தலையாட்டினால் அதற்கு என்ன பொருள் என்பதை இந்தப் பன்னிரண்டாவது வளைவில் அறிந்துகொள்ளலாம். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைத் தராது. நான் இந்தப் பயணத்தை விடாமல் சிபாரிசு செய்வதற்கு இந்த ஒரு கணம்தான் காரணம்.

இங்கே செய்ய வேண்டியது மூன்று. முதலில், புதிய சொல்லை நிறுத்துங்கள். வளைவு வந்தாலும் பரவாயில்லை, அந்த வளைவை மறுபார்வைக்கு விட்டுவிடலாம், விட்ட சொல்லை அடுத்த நீளமான இடைவெளியில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, பதிலைச் சொல்லாமல் ஐந்து எண்ணும்வரை வாய் மூடியிருங்கள். ஆசிரியருக்கு அந்த ஐந்து நொடி ஒரு யுகமாக இருக்கும், மாணவருக்கு அது போதாது. மூன்றாவது, வரிசையைக் கலையுங்கள். விரலைக் காட்டிக் கேளுங்கள்: மூன்று, எட்டு, ஐந்து, ஆறு. எதிரே வரும் வண்டியின் நம்பர் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். வண்டி எண்ணின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும், அவை எந்த வரிசையிலும் வராது. ஏற்காட்டுச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை வண்டிகளுக்குப் பஞ்சமும் இல்லை. அரை மணி நேரத்தில் பாட்டு உடைந்து எண்களாகிவிடும்.

எட்டுக்கும் காரத்துக்கும் நடுவே

மேலே போய் ஒரு டீ குடித்த பிறகு உச்சரிப்புக்கு வரலாம். விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய தாளைக் கிழித்து உதட்டுக்கு முன் தொங்க விடுங்கள். எட்டு என்பதற்கான ‘பேட்’டைச் சொல்லும்போது தாள் அசையக் கூடாது. காரம் என்பதற்கான ‘பெட்’டைச் சொல்லும்போது தாள் படபடக்க வேண்டும். முதலாவது நம் ‘பல்’, ‘பழம்’ சொற்களின் பகரம், மூச்சு வெளியேறாது. இரண்டாவது மூச்சோடு வருவது. தாய்லாந்து மொழியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து.

இனி அந்தத் தாளை வைத்துக்கொண்டு ‘பென்’ என்று ஆங்கிலப் பேனாவைச் சொல்லிப் பாருங்கள். நம் வாயில் பெரும்பாலும் தாள் அசையாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் சொன்னால் அசையும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளை அவர்கள் மூச்சோடு சொல்வார்கள். இந்தியாவுக்குள் நமக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. தாய்லாந்துக் குழந்தையின் காதிலோ நாம் சொல்லும் பேனா ஓர் எழுத்திலும், பாட ஒலிப்பதிவில் வரும் பேனா இன்னோர் எழுத்திலும் விழும். குழந்தை குழம்புவது அதன் காது கூர்மையாக இருப்பதால்தான். நம் உச்சரிப்பு மட்டமானது என்று நான் சொல்லவில்லை, அப்படி நான் நினைப்பதும் இல்லை. எந்த இடத்தில் யாருடைய காது எதைப் பிரித்துக் கேட்கிறது என்று தெரிந்து, அந்த இடத்தில் மட்டும் திருத்திக்கொண்டால் போதும் என்கிறேன்.

சொல்லின் வால் இன்னொரு இடம். நாம் வாலை நீட்டுகிறோம்: பஸ்ஸு, கப்பு, ரோடு. அவர்கள் வாலை நறுக்குகிறார்கள். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் ஸகரம் நிற்காது, தகரமாக அடைத்துக்கொள்ளும். லகரம் னகரமாகும். ‘ஃபுட்பால்’ என்பது ‘ஃபுட்பொன்’ என்று வரும். ஆசிரியர் ‘பஸ்ஸு’ என்று சொல்லிக் குழந்தை ‘பத்’ என்று திருப்பிச் சொன்னால், நடுவில் உள்ள சரியான ஒலி இருவர் வாயிலும் இல்லை. ஸகரத்தைப் பாம்பு சீறுவதுபோல இரண்டு நொடி இழுத்து, உகரம் வருமுன் பல்லைத் திறக்காமல் நிறுத்திப் பழகுங்கள். வகுப்பில் கையை நீட்டிக்கொண்டே போய் உள்ளங்கையை மூடினால் அதுதான் சொல்லின் முடிவு என்று குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள். இதழைக் கீழ்ப் பல் வரிசையால் கடிப்பதா, மேற்பல்லால் தொடுவதா என்கிற வகரச் சிக்கலில் நாமும் அவர்களும் ஒரே வகுப்பு. நம் வகரம் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே மிதப்பது, அவர்களுடையது முழுக்க உதட்டால் வருவது. மேற்பல் கீழுதட்டைத் தொட்டு, உதடு அதிர வேண்டும். கண்ணாடி ஒன்றை வாங்கி வகுப்பு மேசையில் வைத்துவிடுங்கள்.

அழுத்தம் விழும் இடத்தை மறந்துவிடக் கூடாது. ‘ஹோட்டல்’, ‘போலீஸ்’, ‘ஈவென்ட்’ மூன்றிலும் நாம் முதல் அசையை அமுக்குகிறோம், ஆங்கிலம் இரண்டாவதை அமுக்கும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனைக்குப் போகும் வழியில் பலகைகளைப் படித்துக்கொண்டே இதைச் செய்யலாம். அந்தப் பலகைகளே ஒரு பாடம். ஒரு சீமாட்டியின் இருக்கையா, பல சீமாட்டிகளின் இருக்கையா என்பதை ஆங்கிலத்தில் ஒரு மேற்காற்புள்ளி நிற்கும் இடம்தான் தீர்மானிக்கும். ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. சில்ட்ரன் ஏற்கெனவே பன்மை என்பதால் புள்ளி எங்கே வரும்? பத்து நிமிட வகுப்புக்கு இது போதும். வெளிநாட்டில் இறங்கியதும் அந்த ஊர்ப் பலகைகளைப் போட்டோ எடுத்து இதே மாதிரி வகுப்புக்குக் கொண்டுபோகலாம். குழந்தைகளுக்குத் தம் தெருவைப் பாடத்தில் பார்த்தால் முகம் மலரும்.

காபித் தோட்டத்து வேலிப் பக்கம் நின்று இன்னொரு பயிற்சி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் மர நிழலில் காபி, அந்த மரத்தைச் சுற்றியே மிளகுக் கொடி. பழம் பறிப்பது முதல் கொட்டை காய்வது வரை ஆங்கிலத்தில் விளக்குங்கள், ஒரு வாக்கியத்துக்கு ஆறு சொல்லுக்கு மேல் போகாமல். பழுத்ததை மட்டும் கையால் பறிக்கிறார்கள், அன்றே தோல் நீக்குகிறார்கள், ஒட்டியிருக்கும் கொழகொழப்பு போகப் புளிக்க வைக்கிறார்கள், கழுவுகிறார்கள், களத்தில் உலர்த்துகிறார்கள். ஐந்து வாக்கியம், ஆங்கிலத்தில் ஐந்தும் செயப்பாட்டு வினையில் வர வேண்டும். ஐந்து வயது முதல் ஆங்கிலம் பேசியவர் இங்கே திணறுவார். பேச முடியாததால் அல்ல, சுருக்கமாகப் பேசிப் பழகாததால். நமக்கு ஆங்கிலம் என்றால் நீளமாகப் பேசிக் காட்டுவது என்றாகிவிட்டது. வகுப்பில் நீளம் விஷம். “நவ் வாட் ஐ வுட் லைக் யூ ஆல் டு டூ ஈஸ்” என்று தொடங்கினால் நான்காவது சொல்லிலேயே குழந்தை இறங்கிவிடும். “ஓப்பன் புக்ஸ். பேஜ் டென்.” புத்தகத்தைத் தூக்கிக் காட்டுங்கள், முடிந்தது.

இதற்குச் சேலத்துப் பயிற்சி தட்டுவடை செட். சாயங்காலம் ஊர் திரும்பிய பிறகு, தள்ளுவண்டிக்காரர் செட் போடுவதைப் பார்த்துக்கொண்டே கட்டளை வாக்கியங்களாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு தட்டுவடை வை. பச்சைச் சட்னி தடவு. பீட்ரூட், கேரட், வெங்காயம் போடு. சிவப்புச் சட்னி வை. மேலே இன்னொன்று வைத்து மூடு. அவர் கை வேகத்துக்கு உங்கள் ஆங்கிலம் ஈடு கொடுத்தால் வகுப்பில் கட்டளை கொடுக்க வரும். கொடுத்த கட்டளை புரிந்ததா என்று சோதிக்க “புரிஞ்சுதா?” உதவாது. “தனியாவா, ஜோடியாவா?”, “எத்தனை வாக்கியம்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் புரிந்திருக்கிறது.

நம்மிடம் மட்டுமே செல்லுபடியாகும் ஆங்கிலத்தையும் மூட்டை கட்டி இங்கேயே வைத்துவிடலாம். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘கசின் பிரதர்’, ‘குட் நேம்’ போன்றவை அங்கே யாருக்கும் புரியாது. ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. ‘டவுட்’ இருக்கிறது என்றால் உங்களை நம்பவில்லை என்று பொருள், சந்தேகம் கேட்பதற்குக் ‘கொஸ்டியன்’ போதும். லட்சத்தை ‘ஹண்ட்ரட் தௌசண்ட்’ என்று மாற்றிப் பழகுங்கள்.

அங்கே ஒரு நாள், ஒரு சனிக்கிழமை

காகித வேலைகள் எங்கும் பெரும்பாலும் ஒன்றுதான்: பட்டச் சான்றிதழுக்கு அத்தாட்சி, போலீஸ் சான்று, வேலைக்கான விசா, அப்புறம் வேலை அனுமதி. தாய்லாந்தில் ஆசிரியர்களுக்கான அமைப்பின் பெயர் குருஸபா. நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத பெயர். ஆசிரியரை ‘க்ரூ’ என்பார்கள், அதுவும் குருதான்.

கல்வியாண்டு மே நடுவில் தொடங்கும். முதல் பருவம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் வரை. இரண்டாவது நவம்பர் முதல் மார்ச் வரை. ஏப்ரல் 13 முதல் 15 வரை ஸோங்க்ரான், நம் சித்திரைப் பிறப்போடு சேர்ந்து வரும் புத்தாண்டு. ஜூன் வாக்கில் ஒரு வியாழக்கிழமை பள்ளிகளில் ஆசிரியர் வணக்க விழா நடக்கும். குழந்தைகள் கொண்டுவரும் தட்டில் இட்லிப்பூ, கத்தரிப்பூ, அறுகம்புல் இருக்கும். வியாழன் குருவின் நாள் என்பதும், அறுகு எப்படிப் படரும் என்பதும் நமக்குச் சொல்ல வேண்டியதா? வெள்ளைக்கார ஆசிரியர்கள் அந்தத் தட்டைப் பார்த்து வியப்பார்கள். நம் பிள்ளைகளுக்குக் கண் கலங்கலாம்.

காலை 7.30-க்குள் பள்ளியில் இருக்க வேண்டும், 8 மணிக்குக் கொடி. பல வகுப்பறைகளில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். குழந்தையின் தலையைத் தொட்டுத் தடவக் கூடாது, காலை நீட்டி எதையும் காட்டக் கூடாது. பாடவேளை 50 நிமிடம் என்றால் புதிய சொற்கள் ஆறுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டாவது வளைவு ஞாபகம் இருக்கிறதல்லவா? முதல் ஐந்து நிமிடம் நேற்றைய சொற்கள், அதையும் வரிசை கலைத்து. பலகையின் இடப்பக்க ஓரத்தில் ஒரு பட்டையை ஒதுக்கி அன்றைய சொற்களை எழுதிப் பாடம் முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். வியட்நாமில் மொழி மையங்களில் வேலை என்றால் கணக்கே வேறு: சாயங்காலமும் சனி, ஞாயிறும்தான் வகுப்புகள் நிறையும், ஓய்வு வாரநாளில் வரும். ஓமானிலும் மாலத்தீவிலும் வெள்ளி, சனி விடுமுறை. வீட்டுக்கு எப்போது போன் பேசலாம் என்பதை இதை வைத்து அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு. சைவர்களுக்குத் தாய்லாந்தில் உயிர் காக்கும் சொல் ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, தூரத்திலிருந்து பார்த்தால் 17 என்ற எண் மாதிரி இருக்கும். அந்தக் கடையில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. ‘மங்ஸவிரட்’ என்று இன்னொரு சொல்லும் உண்டு, மாம்ச விரதி என்று பிரித்தால் புரிந்துவிடும். அதில் முட்டை இருக்கலாம். வெறுமனே “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் மீன் சாறு ஊற்றிய காய்கறி வரும், கடைக்காரர் மீது தவறில்லை. வியட்நாமில் சொல் ‘சாய்’. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவார்கள், நம் அமாவாசை விரதம் போல. அந்த நாட்களில் சைவக் கடைகளில் கூட்டம் இருக்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்றை எடுத்துப்போங்கள். நம் மூன்று முனைப் பிளக் தாய்லாந்தில் பொருந்தாது, அடாப்டர் இரண்டு வேண்டும்.

சனிக்கிழமை வெளியே போகும்போதுதான் இந்த 20 சொல்லும் சம்பளம் வாங்கித் தரும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு ‘ஸோங்தேவ்’ என்று பெயர். இரண்டாம் எண் ஸோங், தேவ் என்றால் வரிசை. பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி. பாங்காக்கிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே அயுத்தயா, அயோத்தியின் பெயரைக் கொண்ட பழைய தலைநகர், 1767-இல் பர்மியப் படையால் அழிந்தது. ரயிலில் போய், வாடகை சைக்கிள் எடுத்து, சிதைந்த கோயில்களுக்கு நடுவே ஒரு பகல் முழுக்கச் சுற்றலாம். விலை கேட்க நீ தாவ்ராய். பதிலாக வருவது ‘யீ ஸிப்’ என்றால் 20, அது மட்டும் ‘ஸோங் ஸிப்’ என்று வராது. 30-லிருந்து ஒழுங்காக வரும்: ஸாம் ஸிப், ஸீ ஸிப், ஹா ஸிப். மூன்று பத்து முப்பதாகும் நம் கணக்குத்தான். சில இடங்களில் விலையை அவர்களுடைய எண்ணெழுத்தில் போட்டிருப்பார்கள். பழைய தமிழ் எண்களைக் கற்றவர்களுக்கு அந்தப் பத்து வடிவங்களையும் கற்க ஒரு சாயங்காலம் போதும். மாணவர்களைத் தனியே அழைத்துக்கொண்டு எங்கும் போகாதீர்கள், பள்ளி ஏற்பாடு செய்யும் சுற்றுலா மட்டும். தனியே போய்த் தடுமாறி, திங்கட்கிழமை அந்தத் தடுமாற்றத்தை வகுப்பில் சொல்லுங்கள். கழிவறை கேட்டு ‘ஹோங் நாம்’ தொனி பிசகியதை நடித்துக் காட்டும் ஆசிரியர் முன்னால் தப்பாகப் பேச எந்தக் குழந்தைக்கும் பயம் இராது.

இறங்கும்போது

மாலை நாலு மணிக்கு மேல் ஏற்காட்டில் இறங்கும் வண்டிகள் சேர்ந்துவிடும். மூன்றரைக்கே பஸ் பிடித்துவிடுங்கள். இப்போது ஒலிப்பதிவு கிடையாது, காதில் எதுவும் கிடையாது. இருபதாவது வளைவில் கோப் குன் வர வேண்டும், பத்தொன்பதில் ஜே. பலகை எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பஸ் திரும்பி முடிப்பதற்குள். ஆசிரியராக இருப்பவர் கையில் பேனா, ஒரு துண்டுத்தாள். வராத வளைவின் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும், சொல்லை எழுதக் கூடாது, உதட்டையும் அசைக்கக் கூடாது. முதலில் கற்றதும் கடைசியில் கற்றதும் பெரும்பாலும் நிற்கும், நடுவில் உள்ளவை உதிரும். எந்த மனித மூளைக்கும் வழக்கம் இதுதான். உதிர்ந்ததற்கு யாரும் வருந்த வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டுத்தாளில் இருக்கும் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 8, 10, 13, 15 என்று ஏதோ இருக்கும். அவற்றில் ஒரே ஒரு சொல்லை எடுத்து, தெருவில் விளையாடும் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, தமிழும் இல்லாமல் ஆங்கிலமும் இல்லாமல் கையாலும் பொருளாலும் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். ‘ஸாய்’, இடப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை கையைத் தூக்கும், வலது கையை. சத்தத்தைக் கூட்டாதீர்கள். பக்கத்தில் போய், அதே திசை பார்த்து நின்று, உங்கள் இடது கையைத் தூக்கிக் காட்டுங்கள். எதிரே நின்று காட்டினால் கண்ணாடி மாதிரி தலைகீழாகத்தான் தெரியும்.